குழந்தைகளோடு வண்டலூர் போகிறீர்களா? எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம்!

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "வண்டலூர் போலாமா?" என்பதுதான். வெளியூரிலிருந்து சித்தி பிள்ளைகள் வந்திருப்பார்கள். தாத்தா, பாட்டியும் கூட வருவதாகச் சொல்வார்கள். பூங்காவின் பெயரைச் சொன்னாலே வீட்டின் கடைக்குட்டி "புலி, புலி" என்று குதிக்க ஆரம்பித்துவிடும்.

அதே குடும்பத்தை மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் பூங்காவுக்குள் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும். மூன்று வயதுக் குழந்தை அப்பாவின் தோளில் தொங்கும். ஆறு வயதுப் பிள்ளை ஐஸ்கிரீமுக்கு அடம்பிடிக்கும். பாட்டி ஒரு மர நிழலில் உட்கார்ந்து, "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்பார். அப்பாவோ, "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம், இன்னும் பாதிகூடப் பார்க்கலை" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பார்.

இதில் யார் மீதும் தப்பில்லை. தப்பு திட்டத்தில்தான் இருக்கிறது. வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, மீட்பு மையத்தையும் சேர்த்துச் சுமார் 602 ஹெக்டேர் பரப்புள்ளது. ஏறக்குறைய 1,500 ஏக்கர்! நம் நாட்டின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் அதுவும் ஒன்று. கூண்டு கூண்டாக அடுக்கிவைத்த பழைய காலத்து ஜூ அல்ல அது. காட்டுக்குள் அகழி வெட்டி, விலங்குகளுக்குத் தாராளமாக இடம்விட்டு அமைத்த பூங்கா. அதனால் ஒரு விலங்கைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்க்க நல்ல தூரம் நடக்க வேண்டும். பெரியவர்களே ஒரே நாளில் முழுதாகப் பார்த்து முடிப்பது கடினம். குழந்தைகளோடு போகும்போது எதைப் பார்ப்பது என்பதைவிட, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை.

முதல் நாள் இரவே பட்டியல்

கிளம்புவதற்கு முந்தைய இரவு, சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கூடி உட்காருங்கள். ஆளுக்கு இரண்டு விலங்குகளைச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு முதல் உரிமை. பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று போதும். மொத்தம் ஐந்தாறு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதுதான் அன்றைய பட்டியல். வழியில் வேறு விலங்குகளைப் பார்க்க நேர்ந்தால் அது போனஸ்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, படிக்கத் தெரியாத குழந்தைக்குப் பக்கத்திலேயே சின்னப் படம் வரைந்து கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் பார்த்ததும் அவர்களே பென்சிலால் 'டிக்' போடட்டும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நச்சரிப்பது பாதியாகக் குறைந்துவிடும். குழந்தைக்கு அது தன்னுடைய பயணமாகிவிடுகிறது. அம்மா, அப்பா இழுத்துக்கொண்டு போகும் பயணமாக இருப்பதில்லை.

வயதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு ஒட்டகச்சிவிங்கியும் அணிலும் ஒன்றுதான். புல்தரையில் ஓடும் அணிலைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றால், "புலியைப் பார்க்க வந்துட்டு அணிலையா பார்க்கிறே?" என்று இழுக்காதீர்கள். நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய விலங்குகள்தான் வேண்டும். ஏழு வயதுக்கு மேல் கேள்விகள் தொடங்கிவிடும். அவர்களுக்குப் பாம்புகள் இருக்கும் பகுதியும் முதலைகளும் பிடிக்கும். அதே பாம்புகள் கடைக்குட்டியைப் பயமுறுத்தவும் செய்யலாம். அந்த இடத்தில் அப்பா பெரியவனைக் கூட்டிக்கொண்டு போக, அம்மா சின்னவளோடு வெளியே நிற்கலாம். எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தேதான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எந்த நாள் போகலாம்?

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. உயிரியல் பூங்காக்கள் வாரத்தில் ஒருநாளாவது பார்வையாளர்களுக்கு மூடியிருக்க வேண்டும் என்பது விதி. விலங்குகளுக்கும் ஒருநாள் அமைதி வேண்டுமே! பண்டிகைக் காலங்களில் சில செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதும் உண்டு. கனமழை, புயல் எச்சரிக்கை என்றால் மற்ற நாட்களில் மூடுவதும் உண்டு. எனவே கிளம்பும் முன் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

காணும் பொங்கலன்று பூங்காவுக்குப் போவது பல குடும்பங்களுக்கு வழக்கம். ஆனால் கைக்குழந்தையோ, நடக்கச் சிரமப்படும் பெரியவரோ கூட வந்தால் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது. கூட்டத்தில் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் அதிகம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வார நாளில் ஒருநாள் விடுப்புக் கிடைத்தால், அதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பருவம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அருமையான நேரம். பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில், மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், பறவைகளையும் நிறையப் பார்க்கலாம். மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது போவதைத் தவிர்க்கப் பாருங்கள். வேறு வழியில்லை, பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை என்றால், காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்ப் பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

போகும் வழியும் பயணம்தான்

சொந்தக் கார் இருந்தாலும் ஒருமுறை மின்சார ரயிலில் போய்ப் பாருங்கள். குழந்தைகளுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம். கடற்கரை, எழும்பூர், மாம்பலம் என்று வரும் வண்டிகளில் பல, தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். தாம்பரம், பெருங்களத்தூரை அடுத்து வண்டலூர். வெளியூரிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு இன்னும் வசதி. 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம், வண்டலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ரயிலில் போகும்போது தாத்தா, பாட்டி கையில் பேச்சை ஒப்படைத்துவிடுங்கள். பழைய சென்னைக்காரர்களுக்கு ஜூ என்றால் 'உயிர் காலேஜ்'. எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'! இதைக் கேட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உண்மைக் கதையும் இருக்கிறது. சென்னையின் உயிரியல் பூங்கா 1855-ல் பிறந்தது அந்த அருங்காட்சியக வளாகத்தில்தான். அப்போது அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர், ஆற்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி வைத்தார். கூட்டம் அலைமோதியது. பிறகு பூங்கா, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த இடத்துக்குப் போனது. நகரம் வளர வளர அங்கும் நெருக்கடி. கடைசியில் வண்டலூர் காட்டுக்கு மாறி, 1985 ஜூலையில் அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்துவைத்தார். தாத்தா சிறுவனாக இருந்தபோது மூர் மார்க்கெட் பக்கம் போய் ஜூ பார்த்த அனுபவம் இருந்தால், அதைவிடச் சுவையான பாடம் ரயிலில் வேறு கிடைக்காது.

செலவை முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள்

நுழைவுச்சீட்டு மட்டுமே செலவு என்று நினைத்துக்கொண்டு போனால் அங்கே போய்த் தடுமாற வேண்டியிருக்கும். பேட்டரி காருக்குத் தனிக் கட்டணம். சஃபாரிக்குத் தனி. கேமராவுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் தனி. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், பூங்காவின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்து, குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் மொத்தமாகக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டை இணையத்திலேயே வாங்கிவிட்டால் கவுன்டர் வரிசையில் குழந்தையோடு நிற்கும் நேரம் மிச்சம்.

மாதச் சம்பளத்தில் துண்டு விழாமல் ஒருநாள் சுற்றிப் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு இது முக்கியம். எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்ற முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டால், கவுன்டர் முன்னால் நின்று அம்மாவும் அப்பாவும் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதியவரும் சின்னக் குழந்தையும் வருகிறார்கள் என்றால், மற்ற எதைக் குறைத்தாலும் பேட்டரி காரைக் குறைக்காதீர்கள். பலூன், பொம்மை, ஐஸ்கிரீம் விஷயத்தையும் வீட்டிலேயே பேசிவிடலாம். "ஆளுக்கு ஒன்று, கிளம்பும்போது வாங்கித் தருவோம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வாங்கியும் கொடுத்துவிட வேண்டும்.

காலை மூன்று மணி நேரம் தங்கம்

பூங்கா திறக்கும் காலை 9 மணி வாக்கில் வாசலில் இருப்பதுபோல் கிளம்புங்கள். சின்னக் குழந்தைகளின் உற்சாகம் காலையில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். விலங்குகளும் அப்படித்தான். வெயில் ஏறுவதற்கு முன் புலி நடமாடும், குரங்குகள் தாவும், பறவைகள் சத்தமிடும். உச்சி வெயிலில் எல்லாம் நிழல் தேடிப் படுத்துவிடும். இரண்டு பேருக்கும் தெம்பு இருக்கும் நேரம் ஒன்றாக அமைவது காலையில்தான்.

உள்ளே நுழைந்ததும் வரைபடப் பலகை முன் நின்று, உங்கள் பட்டியலில் உள்ளவை எந்தப் பக்கம் என்று பாருங்கள். முடிந்தவரை ஒரே பக்கமாக இருப்பவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் ஏதாவது ஒரு பகுதி பராமரிப்புக்காக மூடியிருக்கலாம். அதையும் வாசலிலேயே கேட்டுவிட்டால், குழந்தையை ஒரு கிலோமீட்டர் நடக்க வைத்துவிட்டு "இன்னைக்கு இல்லையாம்" என்று சொல்ல வேண்டி வராது.

சஃபாரி போக ஆசை என்றால் அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். நேரம் ஆக ஆக வரிசை நீளும். ஆனால் ஒன்று: வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது சிங்கம் பக்கத்தில் வந்தே தீரும் என்று குழந்தையிடம் உறுதி சொல்லிவிடாதீர்கள். "இருந்தா பார்க்கலாம், அது எங்கே தூங்குதோ!" என்று சொல்லிவைத்தால் ஏமாற்றம் இருக்காது.

நடக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை நிழலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். களைத்த பிறகு உட்காரக் கூடாது, களைப்பதற்கு முன்பே உட்கார வேண்டும். கழிப்பறை கண்ணில் பட்டால், "இப்ப வரலை" என்று குழந்தை சொன்னாலும் ஒருமுறை கூட்டிப்போய் வந்துவிடுங்கள். அடுத்தது எவ்வளவு தூரத்தில் இருக்குமோ!

"அது ஏன் தூங்கிட்டே இருக்கு?"

புலி படுத்திருக்கும். கூடி நிற்பவர்களில் ஒருவர் கை தட்டுவார். இன்னொருவர் விசில் அடிப்பார். ஒரு சிறுவன் கல்லைக்கூட எடுப்பான். பக்கத்தில் நிற்கும் குழந்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு விலங்கிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை அது கற்றுக்கொள்வது அந்த இடத்தில்தான். புத்தகத்தில் நூறு முறை "வாயில்லா ஜீவனிடம் அன்பு காட்டு" என்று படித்தாலும், அந்த ஐந்து நிமிடத்தில் அப்பா என்ன செய்தார் என்பதுதான் மனதில் நிற்கும்.

உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்கு உணவு போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும், குப்பை போடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசத்தோடு மானுக்குப் பிஸ்கெட் போடுவதும் இதில் அடக்கம். பிஸ்கெட்டோடு உள்ளே போகும் கவர், மானின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தூங்கும் விலங்கிலும் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. குழந்தைக்குச் சொல்லச் சில தகவல்கள்:

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்து ஓய்வெடுக்கும். வேட்டைக்குத் தேவையான சக்தியைச் சேமிப்பது அதன் இயல்பு. சோம்பேறி என்று திட்ட வேண்டாம்!

புலியின் கோடுகள், நம் கைரேகை மாதிரி. ஒரு புலிக்கு இருப்பதுபோல் இன்னொரு புலிக்கு இருக்காது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் புலி தனி இனம் அல்ல. அதுவும் வங்கப் புலிதான். நிறம் மட்டும் பிறவியிலேயே மாறியிருக்கிறது.

முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தால், யாரையோ பிடிக்கக் காத்திருக்கிறது என்று பொருள் இல்லை. உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

நீர்யானை பகலெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதற்குக் காரணம், அதன் தோல் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது. மூக்கும் கண்ணும் காதும் தலையின் மேல் பக்கம் இருப்பதைக் காட்டுங்கள். உடம்பை முக்கிக்கொண்டே மூச்சுவிட அந்த ஏற்பாடு.

ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்தில் இருப்பது ஏழே எலும்புகள். நம் கழுத்திலும் ஏழுதான்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் நின்று பார்ப்பது என்று ஒரு விளையாட்டு வைக்கலாம். யார் முதலில் ஏதாவது புதிதாகக் கவனித்தார்களோ அவர்களுக்கு வெற்றி. காது ஆடுவது, வால் அசைவது, ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். செல்போனில் படம் எடுக்கும் வேலையை ஒருவர் மட்டும் ஏற்றுக்கொண்டால், மற்றவர்கள் நிஜமாகவே பார்க்கலாம்.

"அது ஏன் கூண்டுக்குள்ள இருக்கு?"

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டே தீருவார்கள். "தப்பு செஞ்சுதா?" என்றும் சிலர் கேட்பார்கள். "சும்மா இரு" என்று அடக்கிவிடாமல் உண்மையைச் சொல்லலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கைக் காட்டிப் பேச்சைத் தொடங்கலாம். உலகில் வேறெங்கும் காட்டில் அது இல்லை. காடு சுருங்கச் சுருங்க அதன் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. அப்படிப்பட்ட இனங்கள் அழிந்துபோகாமல் இருக்க, பூங்காக்களில் அவற்றை இனப்பெருக்கம் செய்து காக்கிறார்கள். வண்டலூரும் அந்த வேலையில் ஈடுபட்டிருக்கும் பூங்கா.

இன்னொரு கதை, சர்க்கஸ் விலங்குகளுடையது. அப்பா, அம்மா சிறுவயதில் சர்க்கஸில் சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் தாவியதைப் பார்த்திருப்பார்கள். சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு ஆகியவற்றை அப்படி வித்தை காட்ட வைக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் தடை விதித்தது. அப்படி விடுவிக்கப்பட்ட விலங்குகளுக்குக் காட்டில் வாழத் தெரியாது. அவற்றை வைத்துப் பராமரிக்க அமைந்த மீட்பு மையங்களில் வண்டலூர் மையமும் ஒன்று.

இதையெல்லாம் கேட்ட பிறகும், "ஆனா அதுக்குக் காட்டுல இருக்கத்தானே ஆசை?" என்று பிள்ளை கேட்டால், "ஆமாம் கண்ணா" என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்த இடத்திலிருந்துதான் முளைக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

அதிகம் சுமக்காதீர்கள். சுமையும் குழந்தையும் சேர்ந்தால் முதுகு தாங்காது. காலையில் வீட்டிலேயோ ரயிலிலேயோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கெடவும் செய்யாது, சிந்தவும் செய்யாது. சின்னவர்களுக்கு நெய் தடவிய இட்லி.

குடிநீர் தாராளமாக இருக்கட்டும். எவர்சில்வர் பாட்டிலாக இருந்தால் நல்லது. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. பூங்காவிலும் கண்டிப்பு உண்டு. தீனியை டப்பாவில் எடுத்துக்கொண்டு, எதை உள்ளே அனுமதிப்பார்கள் என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பி, ஒரு மாற்றுடை, ஈரத்துணி, சின்னத் துண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. இவை கட்டாயம். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து எடுத்துப் போகலாம். குழந்தை வழக்கத்தைவிடச் சோர்ந்து, உதடு வறண்டு, நீண்ட நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், சுற்றிப் பார்ப்பதை நிறுத்தி நிழலில் உட்கார வைத்து இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மயக்கமோ, தொடர் வாந்தியோ, உடம்பு நெருப்பாகச் சுடுவதோ இருந்தால் தாமதிக்காமல் ஊழியர்களிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

புதுச் செருப்பு, ஷூ வேண்டவே வேண்டாம். பழகிய செருப்புதான் அன்றைக்கு நல்லது. சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். குழந்தைகள் எல்லாக் கம்பிகளையும் தடவிக்கொண்டேதான் வருவார்கள்.

கைப்பிடி நழுவினால்...

கூட்டத்தில் பிள்ளையைக் காணவில்லை என்ற அந்த இரண்டு நிமிடப் பதற்றத்தை எந்தப் பெற்றோரும் மறக்க மாட்டார்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் கட்டிவிடுவார்கள். அந்த யோசனையை நாமும் கடன் வாங்கலாம். மணிக்கட்டில் பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடை போடுங்கள். வாசலில் நிற்கும்போதே குழந்தையை முழு உருவமாக ஒரு படம் எடுத்துக்கொண்டால், அன்று என்ன சட்டை போட்டிருந்தது என்று பதற்றத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

"எங்களைக் காணோம்னா எங்கேயும் தேடிப் போகாதே, நின்ன இடத்துலயே நில்லு. நாங்க வந்துடுவோம். யூனிஃபார்ம் போட்ட அண்ணா, அக்காகிட்ட சொல்லு" என்று முதல் நாளே இரண்டு முறை சொல்லிக்கொடுங்கள். எந்தப் பெரியவர் எந்தக் குழந்தைக்குப் பொறுப்பு என்பதையும் பிரித்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கும்போதுதான் யாருமே பார்க்காமல் போகிறது.

எப்போது கிளம்புவது?

பட்டியலில் ஐந்தும் முடிந்ததும் மணி பன்னிரண்டோ, ஒன்றோ ஆகியிருக்கும். இன்னும் நேரம் இருக்கிறதே என்று தோன்றும். குழந்தைகள் இருவரும் தெம்பாக இருந்தால் தொடரலாம். ஒருவர் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டாலும் அதுதான் மணி அடித்த மாதிரி. சாப்பிட்டுவிட்டு, சொன்ன ஐஸ்கிரீமை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மாலை வரை இருந்தால் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலையும் சேர்த்து அனுபவிக்க வேண்டியிருக்கும்.

கொடுத்த காசுக்கு எல்லாம் பார்க்கவில்லையே என்ற கவலை அப்பாக்களுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒன்றரை மணிக்கு மேல் அழுதுகொண்டே பார்க்கும் பத்து விலங்குகள் எதுவும் குழந்தையின் நினைவில் நிற்கப் போவதில்லை. அடுத்த முறை வர ஒரு காரணமாக அவை இருக்கட்டும். "கரடியை அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த விடுமுறைக்கான பட்டியல் ரயிலிலேயே தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, பிடித்த விலங்கை வரையச் சொல்லுங்கள். பார்த்து ரசித்த விலங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், பூங்காவில் தத்தெடுப்புத் திட்டமும் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளும் திட்டம் அது. நடிகர் சிவகார்த்திகேயன் 'அனு' என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தது பலருக்கு நினைவிருக்கும். நடுத்தரக் குடும்பத்துக்குப் புலி கட்டுப்படியாகாது. ஆனால் பிறந்தநாள் கேக்குக்கும் பலூனுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, ஒரு சின்னப் பறவைக்கு எவ்வளவு ஆகும் என்று குழந்தையோடு சேர்ந்து விசாரித்துப் பார்க்கலாமே!